பழைய நாற்சில்லு இயக்க வாகனங்களின் டிரம் பிறேக்: திருகோணமலை உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லாண்ட் ரோவரின் சீரிஸ் வகைகளிலும், 1970களின் நடுப்பகுதிக்கு முந்திய டொயோட்டா லாண்ட் குரூசர் 40 வகையிலும், வில்லீஸ் ஜீப்பின் வழிவந்த பழைய மிட்சுபிஷி ஜீப்புகள் பலவற்றிலும் நான்கு சில்லுகளுக்கும் டிரம் பிறேக்கே, அதாவது சில்லோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து விரியும் சூக்கள் அழுத்தி நிறுத்தும் வகையே, பொருத்தப்பட்டிருக்கும். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் மூலையில் கிடந்த பல ஜீப்புகள் மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றோடு பழைய கோளாறுகளும் வந்தன. இங்கே கூறப்படுபவை பெரும்பாலும் அவ்வகை வாகனங்களுக்கு உரியவை. பிற்பக்கத்தில் மட்டும் டிரம் உள்ள பிக்கப் வாகனங்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

பிறேக் சரியில்லை என்று தெரிகிறது. எதிலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்?

மிதியின் அழுத்தத்தைக் குழாய்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் தாங்கியில் பிறேக் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. ஊற்றி நிரப்பிவிட்டுப் பயணத்தைத் தொடர்வது பரிகாரமாகாது. அடுத்து, வாகனத்தை ஓடவிடாமல் மிதியைக் காலால் அழுத்தி, அது ஆழமாகப் போகிறதா, பஞ்சுபோல மெத்தென்று இருக்கிறதா, அழுத்திப் பிடிக்கும்போது மெல்ல இறங்குகிறதா, கல்லுப்போல இறுகி நிற்கிறதா என்று கவனியுங்கள். இந்த நான்கும் நான்கு வேறு கோளாறுகளைக் காட்டுகின்றன. மூன்றாவதாக, நான்கு டிரம்களையும் கழற்றிப் பாருங்கள். கோளாறு ஒரு சில்லில்தான் என்று உறுதியாகத் தோன்றினாலும் நான்கையும் கழற்றுவதே நல்லது. திருகோணமலையில் ஓடும் வாகனங்களில், டிரம்மை உரசும் லைனர் தேய்ந்து முடிந்ததால் வரும் கோளாற்றைவிட, உப்புக்காற்றாலும் நெடுநாள் ஓடாமல் நின்றதாலும் வரும் துருவே அதிகம். ஒயிலின் அழுத்தத்தால் சூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தால் மற்றைய மூன்றும் அதே காலத்தை அதே காற்றில் கழித்தவைதான். உதிரிப்பாகம் வாங்கப் புறப்படுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. உள்ளே பாராமல் ஊகத்தில் வாங்கிய மாஸ்டர் சிலிண்டர்கள் பல வீடுகளில் பெட்டியோடு கிடக்கின்றன.

முதல் தடவை மிதித்தால் மிதி அடிவரை போகிறது; உடனே மறுபடி மிதித்தால் உயர்ந்து பிடிக்கிறது. இது எயாரா, அதாவது ஒயில் குழாயில் புகுந்த காற்றா?

பெரும்பாலும் இல்லை. லைனரைத் தாங்கும் வளைந்த இரும்புகளான சூக்கள் டிரம்மிலிருந்து அதிகம் விலகி நிற்கின்றன என்பதே இதன் முதற் பொருள். சூ நெடுந்தூரம் நகர்ந்தாலே டிரம்மைத் தொடும் என்ற நிலையில், முதல் மிதியில் தள்ளப்பட்ட ஒயில் அந்த இடைவெளியை நிரப்புவதற்கே போதுகிறது. இரண்டாவது மிதிதான் அழுத்தத்தைத் தருகிறது. பழைய டிரம் பிறேக் பலவற்றில் தானாகச் சரிசெய்யும் அமைப்பு இல்லாததால், லைனர் தேயத் தேய அட்ஜஸ்டரை நாமே திருக வேண்டும். லாண்ட் ரோவரில், டிரம்மின் பின்புறத்தை மூடும் சுழலாத பின்தட்டின் வெளிப்புறத்தில் தலை நீட்டியிருக்கும் ஆணியைத் திருகினால் உள்ளே நத்தையோட்டு வடிவிலான தகடு சூவைத் தள்ளும். லாண்ட் குரூசரில் பின்தட்டிலுள்ள துளை வழியாகப் பற்சில்லைத் திருப்புளியால் நகர்த்த வேண்டும். இரண்டிலும் முறை ஒன்றே. சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, கையால் சுற்ற முடியாதபடி இறுக்கி, மிதியை ஒரு தடவை பலமாக அழுத்தி சூக்களை நடுவில் அமரச் செய்து, மீண்டும் இறுக்கிப் பார்த்து, பின்னர் சில்லு தடையின்றிச் சுற்றும் அளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும். இலேசாக உரசும் சத்தம் கேட்டால் குற்றமில்லை.

எயாரா, இடைவெளியா என்று ஐயம் இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. நான்கு சில்லுகளிலும் அட்ஜஸ்டர்களை முற்றாக இறுக்கி, சூக்களை டிரம்மோடு அழுந்தச் செய்துவிட்டு மிதியை அழுத்துங்கள். மிதி உயர்ந்து உறுதியாக நின்றால் குறை இடைவெளியில்தான் இருக்கிறது. அப்போதும் மெத்தென்று இருந்தால் குழாயில் எயார் இருக்கிறது, அல்லது பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்புகிறது. ஒருவர் மிதிக்க மற்றவர் ஹோஸைக் கையால் பற்றிப் பார்த்தால் உப்புவது விரல்களுக்குத் தெரியும். சோதனை முடிந்ததும் அட்ஜஸ்டர்களைத் தளர்த்த மறந்துவிட வேண்டாம்.

மிதியை அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குகிறது. தாங்கியில் ஒயில் குறையவில்லை.

மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து, ஒயில் முன்னே போகாமல் பின்பக்கம் நழுவித் திரும்புகிறது. வெளியே ஒரு சொட்டும் சிந்தாததால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே ஒயில் சுற்றுத்தான். அந்த ஒன்று தவறினால் நான்கு சில்லுகளும் ஒன்றாகத் தவறும். ஆகவே இந்த அறிகுறி தெரிந்த வாகனத்தைக் கராஜ் வரைக்கும்கூட ஓட்டிச் செல்லாமல் இழுத்துச் செல்லுங்கள். சிலிண்டரின் உட்சுவர் பளபளப்பாக இருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றலாம். நகத்தால் தடவும்போது குழியோ துருப்பொட்டோ தட்டுப்பட்டால் முழுச் சிலிண்டரையும் மாற்றுவதே சரி, ஏனென்றால் குழிவிழுந்த சுவர் புதிய ரப்பரையும் விரைவில் அறுத்துவிடும்.

மிதி கல்லுப்போல் இறுகியிருக்கிறது. ஆனால் வாகனம் நிற்பதில்லை.

லைனர் சூட்டில் கண்ணாடிபோல மினுங்கிப்போயிருக்கலாம், அதில் ஒயில் ஊறியிருக்கலாம், அல்லது வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் துருவில் இறுகியிருக்கலாம். மிதிக்கும் பலத்தைக் கூட்டும் வெற்றிட சேர்வோ உள்ள வாகனமாயின், எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியைப் பல தடவை அழுத்தி, அழுத்தியபடியே எஞ்சினை இயக்குங்கள். மிதி சற்றுக் கீழிறங்கினால் சேர்வோ வேலை செய்கிறது. அசையாவிட்டால் முதலில் வெற்றிடக் குழாயைப் பாருங்கள்.

பிறேக் பிடிக்கும்போது ஜீப் இடப்பக்கம் இழுக்கிறது. இடப்பக்கச் சில்லைத்தானே பார்க்க வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். வாகனம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கச் சில்லு நன்றாகப் பிடிக்கிறது, பிடிக்காதது மறுபக்கம். இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்க முற்சில்லில் சிலிண்டர் இறுகியிருக்கிறதா, லைனரில் ஒயில் பட்டிருக்கிறதா, சூ இடைவெளி அதிகமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு விலக்கும் உண்டு. சிறிதளவு ஒயில் பட்ட லைனர் சிலவேளை வழுக்காமல், ஒட்டிக்கொள்வதுபோல் சட்டென்று பற்றும். டிரம் பிறேக்கில் முன்னணிச் சூ டிரம்மின் சுழற்சியாலேயே மேலும் உள்ளே இழுக்கப்படும் இயல்புடையதாகையால், உராய்வில் ஏற்படும் சிறு வேறுபாடும் பெரிதாக வெளிப்படும். ஆகவே இரு பக்கமும் கழற்றி ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வீல் சிலிண்டரின் ஓரத்திலுள்ள தூசி ரப்பரைத் திருப்புளி நுனியால் மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே உலர்ந்திருந்தால் நல்லது. ஈரம் தெரிந்தால் ரப்பர் தோற்றுவிட்டது. காவி நிறப் பொடி கொட்டினால் பிஸ்டன் துருவோடு போராடிக்கொண்டிருக்கிறது. பின்னர், எதிர்ச் சூ வெளியே தள்ளப்படாதபடி பிடித்துக்கொண்டு, மற்றவரை மிதியைச் சிறிதளவு மட்டும் அழுத்தச் சொல்லி ஒவ்வொரு பிஸ்டனும் நகர்ந்து திரும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

டிரம்முக்குள் ஒரு குறையும் தெரியாவிட்டால் ரயர் காற்று, வில்லுத்தகட்டின் புஷ்கள், அவற்றை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் ஆகியவற்றைப் பாருங்கள். தளர்ந்த யூ போல்ட் பிறேக் பிடிக்கும்போது அச்சையே சற்றுத் திருப்பிவிடும். அதனால் வரும் இழுவையை எத்தனை சூ மாற்றினாலும் தீர்க்க முடியாது.

டிரம்முக்குள் ஈரமாக இருப்பது பிறேக் ஒயிலா, கியர் ஒயிலா என்று எப்படி அறிவது?

விரலில் தொட்டுப் பாருங்கள். கியர் ஒயில் தடித்து, கந்தகம் கலந்த நாற்றத்தோடு, நீரில் கலக்காமல் இருக்கும். பிறேக் ஒயில் நீர்த்ததாக இருக்கும். தண்ணீர் பட்டால் கரைந்து கழுவுப்படும். பார்த்தபின் கையைக் கழுவிவிடுங்கள், வாகனத்தின் வர்ணத்தில் பட்டிருந்தால் அதையும் கழுவுங்கள்; பிறேக் ஒயில் வர்ணத்தை உரித்துவிடும்.

பிறேக் ஒயிலாயின் வீல் சிலிண்டரைத் திருத்த வேண்டும். கியர் ஒயிலாயின் சில்லின் நடுப்பகுதியான ஹப்பின் ஒயில் சீலை மாற்றுவதற்கு முன் அச்சின் மேலுள்ள மூச்சுத் துளையைப் பாருங்கள். வெருகல் பக்கமோ தம்பலகாமத்து வயல்வழியோ சேற்றில் ஓடிய வாகனத்தில் அந்தத் துளை சேறு உறைந்து அடைபட்டிருப்பது வழக்கம். ஓடும்போது அச்சுக்குள் காற்றுச் சூடாகி விரிய, வெளியேற வழியின்றி ஒயிலைச் சீலைக் கடந்து டிரம்முக்குள் தள்ளும். துளையைத் திறக்காமல் சீலை மட்டும் மாற்றினால் அதே கசிவு திரும்ப வரும்.

ஒயில் ஊறிய லைனரைப் பெற்றோலால் கழுவி அல்லது தீயில் காட்டிப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். லைனர் நுண்துளைகள் நிறைந்த பொருள். மேற்பரப்பில் காய்ந்ததாகத் தோன்றினாலும் முதற் சூட்டிலேயே உள்ளே ஊறிய ஒயில் வெளியே வரும். அச்சின் இரு பக்கச் சூக்களையும் ஒரே வகை லைனரோடு சேர்த்தே மாற்ற வேண்டும்.

சில தூரம் ஓடியதும் ஒரு சில்லு கைவைக்க முடியாதபடி சூடாகிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

சூடான சில்லை ஜக்கில் உயர்த்திச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் அந்தச் சில்லில் எயாரை வெளியேற்றும் பிளீடர் நட்டைச் சற்றுத் திறவுங்கள். ஒயில் பீறிட்டு வந்து சில்லும் இளகினால், மிதியை விட்டபின்னும் அழுத்தம் குழாயில் சிறைப்பட்டிருக்கிறது. ஒயில் பீறிடாமலும் சில்லு இளகாமலும் இருந்தால் கோளாறு டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. இறுகிய பிஸ்டன், தளர்ந்த இழுவை ஸ்பிரிங், அளவுக்கு மீறி இறுக்கிய அட்ஜஸ்டர் ஆகியவற்றோடு, பின்தட்டில் சூ உராயும் மேடைகளில் விழுந்த பள்ளத்தையும் பாருங்கள். சூவின் ஓரம் அந்தப் பள்ளத்தில் சிக்கித் திரும்ப மறுக்கும்.

அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த படி, எந்த இடத்தில் என்பது. பிளீடரை மூடி, மிதியை மறுபடி அழுத்தி விட்டு, சில்லு இறுகியதும் ரப்பர் ஹோஸுக்கு மேற்பக்கத்தில், அதாவது செசியில் இரும்புக் குழாயோடு அது இணையும் இடத்தில், இணைப்பைத் தளர்த்துங்கள். சில்லு இளகினால் தடை மாஸ்டர் சிலிண்டர்ப் பக்கத்தில் இருக்கிறது. இளகாவிட்டால் ஹோஸ்தான் குற்றவாளி. வயதான ஹோஸின் உட்சுவர் வீங்கியோ உரிந்தோ போய், மிதியின் பலத்தில் ஒயிலை உள்ளே விட்டு, ஸ்பிரிங்கின் சிறு பலத்துக்கு அதைத் திரும்ப விடாமல் மறிக்கும். வெளித்தோற்றத்தில் அது புதிதுபோலவே இருக்கக்கூடும். பல ஜீப்புகளில் பின் அச்சு முழுவதற்கும் ஒரே ஹோஸ்தான் என்பதால் பின்சில்லுகள் இரண்டும் ஒன்றாகச் சூடானால் முதலில் அதையே சந்தேகிக்க வேண்டும்.

நான்கு சில்லுகளும் இறுகினால் மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையிலுள்ள தள்ளுகோலில் சிறு தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். தளர்வு இல்லாதபோது பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்காது. ஒயில் தாங்கிக்குத் திரும்பும் சிறு துளை மூடியபடியே இருக்கும். தாங்கியில் யாராவது எஞ்சின் ஒயிலோ பவர் ஸ்டியரிங் ஒயிலோ ஊற்றியிருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். கனிம ஒயில் பட்ட ரப்பர்கள் யாவும் ஊதிவிடும். அந்நிலையில் ரப்பர்கள், ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றிக் குழாய்களைக் கழுவுவதைவிட மலிவான வழி எதுவும் கிடையாது.

மாரி முழுவதும் நின்ற ஜீப் இப்போது அசைய மறுக்கிறது. கியரில் போட்டு இழுத்துவிடலாமா?

இழுக்க வேண்டாம். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழையின் ஈரமும் கடல் உப்பும் சேர்ந்து, லைனரை டிரம்மோடு துருவால் ஒட்டிவிட்டிருக்கும். தாழ் கியரில் பலவந்தமாக இழுத்தால் டிரம் விடுபடலாம். ஆனால் லைனர் சூவிலிருந்து உரிந்து உள்ளேயே சிக்கிவிடும் ஆபத்து உண்டு. அட்ஜஸ்டரை முழுவதும் தளர்த்தி, டிரம்மின் ஓரத்தைச் சுற்றி மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி, முன்னும் பின்னும் இலேசாக ஆட்டிப் பாருங்கள். விடுபட்டாலும் டிரம்மைக் கழற்றிப் பார்த்தபின்னரே வீதிக்குக் கொண்டுவர வேண்டும். சூவின் இரும்புக்கும் லைனருக்கும் இடையே துரு வளர்ந்து லைனரை மேலே தூக்கியிருந்தால், தடிப்பு எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் அந்தச் சூ உதவாது. லைனர் நிரம்ப இருக்கிறதே என்று மனம் கேட்காமல் திருப்பிப் போடுபவர்கள் உண்டு. அந்தச் சிக்கனம் இங்கே வேண்டாம்.

எங்கள் ஜீப் குச்சவெளிக் கரையில் படகு இறக்கவும் ஏற்றவும் பயன்படுகிறது. எத்தனை நாளுக்கொரு தடவை டிரம்மைத் திறக்க வேண்டும்?

நாட்கணக்கைவிட, ஹப் வரை கடல்நீரில் இறங்கிய ஒவ்வொரு நாளும் நன்னீரால் கழுவுவதே முக்கியம். வெளிப்புறத்தைக் கழுவினால் போதாது. பின்தட்டிலுள்ள அட்ஜஸ்டர்த் துளை வழியாகவும் தண்ணீரைப் பாய்ச்சி, பின்னர் பிறேக்கை இலேசாகப் பிடித்தபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்துங்கள். சூடான டிரம்மோடு நேரே கடலில் இறக்கவும் கூடாது. வார்ப்பிரும்பு திடீரெனக் குளிரும்போது வளையவும் வெடிக்கவும் கூடும்.

மணல் இன்னொரு பகை. சாதாரணக் கடல்மணலே டிரம்மில் கீறலிடும். புல்மோட்டைக் கரையின் கருமணலில் இல்மனைற்று, உருத்தைல், சிர்க்கன் ஆகிய கனிமங்கள் கலந்திருக்கின்றன. சிர்க்கன் சாதாரண மணலின் குவாட்ஸைவிடக் கடினமானது. அந்த மணிகள் லைனரின் மென்மையான பரப்பில் பதிந்து நின்று, டிரம்மை வட்டம் வட்டமாக அறுக்கும். அவ்வழியில் அடிக்கடி ஓடும் வாகனத்தின் டிரம்மில் விரலை வைத்தால் இசைத்தட்டின் வரிகளைத் தடவுவதுபோல இருக்கும். இத்தகைய வாகனத்துக்கு மாரிக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை என்று டிரம்களைத் திறந்து, மணலைக் கழுவி, அட்ஜஸ்டர்களின் திருகுகளுக்கு உயர்வெப்பத்துக்கு உரிய கிறீஸை மிகச் சிறிதளவு பூசி வைப்பதைப் பரிந்துரைக்கிறோம். லைனர் பக்கம் அந்தக் கிறீஸ் ஒரு புள்ளியும் படக்கூடாது.

வெள்ளம் ஓடிய வீதியைக் கடந்தபின் பிறேக் பிடிக்கவில்லை. பழுதா?

பழுதல்ல, டிரம்முக்குள் புகுந்த நீர் லைனருக்கும் இரும்புக்கும் இடையில் படலமாக நிற்கிறது. வெளியே திறந்த தட்டைப் பேட்கள் இரு பக்கமும் பிடிக்கும் டிஸ்க் பிறேக்கில் நீர் சுழன்று வெளியே வீசப்படும், டிரம்மோ அதை உள்ளே வைத்துக்கொள்ளும். தாழ் கியரில் மெதுவாக ஓட்டியபடி இடக்காலால் மிதியை இலேசாக அழுத்திக்கொண்டே சென்றால் சூட்டில் உலர்ந்துவிடும். நான்கு சில்லுகளும் ஒரே வேகத்தில் உலர்வதில்லை. அதுவரை வாகனம் பக்கவாட்டில் இழுக்கும் என்பதை எதிர்பார்த்திருங்கள்.

டிரம் கழல மறுக்கிறது. எவ்வளவு அடித்தாலும் அசையவில்லை.

அடிப்பதற்கு முன் அட்ஜஸ்டரைத் தளர்த்தினீர்களா? டிரம்மின் உள்விளிம்பில் தேயாத வரம்பு ஒன்று உயர்ந்து நிற்கும். சூக்கள் அதற்கு உள்ளே விரிந்து நிற்கையில் எத்தனை அடி அடித்தாலும் டிரம் வெளியே வராது. லாண்ட் ரோவரில் டிரம்மைப் பிடித்திருக்கும் தட்டைத்தலைத் திருகுகளையும் கழற்ற வேண்டும்; துரு ஏறிய திருகுக்குச் சாதாரணத் திருப்புளியைவிட அடிக்கும்போது தானே திரும்பும் தாக்குத் திருப்புளிதான் பொருத்தம். டிரம்மின் முகத்தில் திருகுவரியுள்ள துளைகள் இருந்தால் அவற்றில் போல்ட்டை மாறி மாறி இறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். ஓரத்தைக் கனத்த சுத்தியலால் நேரடியாக அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு உடைந்துவிடும்.

உள்ளே இருக்கும் தூசியைக் கம்பிரசர் காற்றால் ஊதலாமா?

கூடவே கூடாது. பழைய லைனர்களில் கல்நார் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் இழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் உட்பட்ட நோய்களைத் தரக்கூடியவை. எந்த ஆண்டு லைனர் என்று தெரியாதபோது அதில் கல்நார் இருக்கிறது என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். தண்ணீரைத் தெளித்து ஈரமாக்கி, துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். முகக்கவசம் அணியுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

புதிய சூ போட்டபின் பிறேக் முன்பைவிட மோசமாக இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அவ்வாறு முடிவுகட்ட வேண்டாம். புதிய லைனரின் வளைவும் தேய்ந்து அகன்ற பழைய டிரம்மின் வளைவும் ஒன்றாக இருப்பதில்லை. லைனர் நடுவில் மட்டும் தொட்டு, முனைகளில் விலகி நிற்கும். மிதி மெத்தென்று இருப்பதும் பிடிப்புக் குறைவதும் அதனால்தான். சில நூறு கிலோமீற்றர் மிதமாக ஓட்டி, இடையிடையே அட்ஜஸ்ட் செய்தால் தானாகப் படிந்துவிடும். படிந்ததா என்று அறிய, டிரம்மின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியால் தேய்த்து, டிரம்மைப் போட்டுப் பிறேக்கைப் பிடித்துச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். லைனரில் வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் அது தொடுகிறது.

அதைவிடக் கவலைக்குரிய காரணமும் உண்டு. லாண்ட் ரோவர் 109 அங்குல வகையிலும் (இது முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) வேறு சில வாகனங்களிலும் முற்சில்லில் இரண்டு சிலிண்டர்கள் இருக்கும். முன்னோக்கி ஓடும்போது இரு சூக்களும் முன்னணிச் சூக்களாக, டிரம்மின் சுழற்சியால் உள்ளே இழுக்கப்படும் வகையில் அவை பொருத்தப்பட்டிருக்கும். திருத்தும்போது பின்தட்டோ சிலிண்டர்களோ இடம் வலம் மாறினால் இரண்டும் பின்தொடரும் சூக்களாகிவிடும். அப்போது முன்னோக்கி ஓடுகையில் பிறேக் பலமிழந்து, பின்னோக்கி எடுக்கையில் மட்டும் அபாரமாகப் பிடிக்கும். மனித நடமாட்டமற்ற இடத்தில் மெதுவாகப் பின்னோக்கி எடுத்துப் பிறேக்கைச் சோதித்தால் இதை உடனே அறியலாம். ஒரு சில்லை முழுமையாகத் திருத்தி முடித்தபின் மறுபக்கத்தைக் கழற்றுவது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்ற ஐயத்துக்கு எதிர்ச்சில்லே விடை சொல்லும். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

டிரம்மை லேத்தில் கடைந்து பயன்படுத்தலாமா?

ஓரளவுக்கு. பிறேக் பிடிக்கும்போது மிதி காலைத் திருப்பித் திருப்பித் தட்டினால் டிரம் வட்டம் தவறியிருக்கிறது, கடைந்தால் தீரும். டிரம்மின் மீது பொறிக்கப்பட்ட, அல்லது கைநூலில் உள்ள உச்ச விட்டத்தைத் தாண்டக்கூடாது. லாண்ட் ரோவர் 88 அங்குல வகையில் பெரும்பாலும் 10 அங்குல டிரம், அதாவது 254 மில்லிமீற்றர். 109 அங்குல வகையில் 11 அங்குலம். மெலிந்த டிரம் சூட்டை உள்வாங்காது, விரைவில் வெடிக்கும். ஒரே அச்சின் இரு டிரம்களையும் ஒரே விட்டத்துக்குக் கடையச் சொல்லுங்கள்.

எந்த பிறேக் ஒயில் நல்லது? எப்போது மாற்ற வேண்டும்?

வாகனக் கைநூல் வேறு விதமாகக் கூறாவிட்டால் டொட் 3 அல்லது டொட் 4. இந்த ஒயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 இன் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரம் உறிஞ்சியபின் அது 140 வரை இறங்கலாம். டொட் 4 இல் இவை முறையே 230, 155. கொதித்த ஒயில் ஆவியாகி மிதியை வெறுமையாக்கும். அதே ஈரந்தான் சிலிண்டரை உள்ளிருந்து துருப்பிடிக்கச் செய்கிறது. துறைமுக நகரின் ஈரக்காற்றில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒயிலை விட்டுவைக்காதீர்கள். திறந்து பாதி மிஞ்சிய போத்தலை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைப்பதில் பயனில்லை. டொட் 5 சிலிக்கோன் வகை. அதை இவற்றோடு கலக்கக்கூடாது.

எயார் எடுக்கும்போது எந்தச் சில்லிலிருந்து தொடங்குவது?

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ளதிலிருந்து. நம் வாகனங்கள் வலப்பக்க ஸ்டியரிங் கொண்டவை என்பதால் பொதுவாக இடப்பக்கப் பின்சில்லு முதலில், பின்னர் வலப்பக்கப் பின்சில்லு, இடப்பக்க முற்சில்லு, கடைசியாக வலப்பக்க முற்சில்லு. தாங்கி ஒருபோதும் வற்றக்கூடாது. துரு ஏறிய பிளீடர் நட்டை முதல் நாளே ஊடுருவும் ஒயிலில் நனைத்து வையுங்கள். முறிந்தால் சிலிண்டரோடு போகும்.

ஹேண்ட் பிறேக் போட்டிருந்தும் ஜக் அடித்தபோது ஜீப் உருண்டுவிட்டது. எப்படி?

லாண்ட் ரோவர் சீரிஸ் வகையிலும் பழைய ஜீப்புகள் பலவற்றிலும் ஹேண்ட் பிறேக் சில்லுகளில் இல்லை. கியர்ப்பெட்டியின் பின்னால், பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டில் ஒரு தனி டிரம்மாக இருக்கிறது. அது தண்டை மட்டுமே பூட்டும். ஒரு பின்சில்லு நிலத்தை விட்டு உயர்ந்ததும், இரு சில்லுகளையும் வெவ்வேறாகச் சுழலவிடும் டிஃபரன்ஷலின் இயல்பால் உயர்ந்த சில்லு ஒரு திசையிலும் நிலத்திலுள்ள சில்லு மறுதிசையிலும் சுழல முடியும், வாகனம் உருளும். உவர்மலைச் சரிவில் ரயர் மாற்றுபவர் இதை அறியாதிருந்தால் உயிருக்கே ஆபத்து. சமதரையிலும் சரி, சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைக்காமல் ஜக்கைத் தொடாதீர்கள். நாற்சில்லு இயக்கத்தைப் பூட்டிக் கியரில் விடுவது கூடுதல் பாதுகாப்பு. முன் ஹப்புகளில் விடுபடும் பூட்டு இருந்தால் அதையும் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் முற்சில்லுகள் தண்டோடு இணையாது.

இவ்வகை ஹேண்ட் பிறேக்கை ஓட்டத்தில் இழுக்கவும் கூடாது. அதன் அதிர்ச்சி முழுவதும் சுழல்தண்டிலும் பின் அச்சிலும் இறங்கும். பிடிப்புக் குறைந்திருந்தால் அட்ஜஸ்ட் செய்வதற்கு முன் கியர்ப்பெட்டியின் பின் சீல் கசிந்து லைனரை நனைத்திருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக நனைத்திருக்கும்.

கண்டி, நுவரெலியாப் பக்கம் இறங்கும்போது மிதி ஆழமாகப் போய்ப் பிடிப்புக் குறைகிறது. ஊரில் எந்தக் குறையும் இல்லை.

கந்தளாய், ஹபரணை வரை சமதரையில் ஓடிப் பழகிய வாகனத்துக்கு மலையிறக்கம் வேறு சோதனை. சூட்டில் டிரம் விரிந்து சூவிலிருந்து விலகுகிறது. லைனரின் உராய்வும் குறைகிறது. பிறேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி இறங்காமல், ஏறும்போது எந்தக் கியரோ அதைவிட உயர்ந்த கியரில் இறங்காமல், எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். பிடிப்புக் குறைந்துவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆறியபின் மிதி பழைய உயரத்துக்கு வராவிட்டால் ஒயில் கொதித்து எயார் சேர்ந்திருக்கிறது.

இத்தனை தொல்லைக்கு முற்பக்கத்தை டிஸ்க்காக மாற்றிவிடலாமே?

மாற்றலாம், ஆனால் மாஸ்டர் சிலிண்டர், சேர்வோ, பின்சில்லுகளுக்குச் செல்லும் அழுத்தத்தின் சமநிலை ஆகிய யாவும் அதோடு மாற வேண்டும். டிரம்முக்குரிய மாஸ்டர் சிலிண்டர் பலவற்றில் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு உண்டு. அதை அகற்றாமல் டிஸ்க்கை இணைத்தால் பேட்கள் ஓயாமல் உரசும். நான்கு டிரம்மும் ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்யப்பட்ட ஜீப் அதன் இயல்பான வேகத்தில் நன்றாகவே நிற்கும் என்பது எமது கருத்து. மலைப்பாதையிலோ பாரம் இழுத்தோ அடிக்கடி ஓடுபவருக்கு மட்டும் மாற்றம் பொருளுள்ளது.

உதிரிப்பாகம் வாங்கக் கொழும்புக்குப் போகிறேன். எதைக் கொண்டுபோக வேண்டும்?

கழற்றிய பழைய பாகத்தையே கொண்டுபோங்கள். பஞ்சிகாவத்தைக் கடைகளில் வாகனத்தின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொன்னால் போதாது. முன்னைய உரிமையாளர் வேறு வகை அச்சையோ சிலிண்டரையோ பொருத்தியிருக்கக்கூடும். சிலிண்டரின் உட்துளை விட்டம், குழாய் இணைப்பின் திருகுவரி அங்குல வகையா மெற்றிக் வகையா என்பது, சூவின் அகலம் ஆகிய மூன்றையும் கடையிலேயே பழையதோடு ஒப்பிடுங்கள். சிலிண்டர்களைச் சோடியாக வாங்குங்கள். இடம், வலம் என்று வேறுபடும் வகையாயின் இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.